பாகெல்பெலின் 'கேனன் இன் டி': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வு நேரத்தில் செல்லோ வாசிப்பவன் நான். எங்கள் சின்னக் குழு எங்கே வாசித்தாலும், முடிந்ததும் யாராவது வந்து விசாரிப்பது இந்த ஒரு பீஸைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே போட்டு வைக்கிறேன். ஸ்டாஃப் நோட்டேஷன் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுரங்களை ஸ ரி க ம-விலேயே எழுதியிருக்கிறேன். இது 'டி மேஜர்' ஸ்கேலில் அமைந்தது. டி-யை ஸ என்று வைத்துக்கொண்டால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் கிடைத்துவிடும். ராகம் அல்ல, சுரங்கள் மட்டும். கமகத்தைத் தேடாதீர்கள்.

இது எந்த இசை? நான் கேட்டிருப்பேனா?

நிச்சயம் கேட்டிருப்பீர்கள். கீழே ஒரு கனமான வாத்தியம் எட்டே எட்டுச் சுரங்களை அடி மேல் அடி வைத்து நடக்கும். அதன் மேல் வயலின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். தேவாலயத் திருமணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது, ஹோட்டல் லாபியில், வங்கிக்கு போன் போட்டுக் காத்திருக்கும்போது என்று எங்கும் ஒலிப்பது. எழுதியவர் யோஹான் பாகெல்பெல், 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். முழுப் பெயர் 'மூன்று வயலின்களுக்கும் அடிநாத வாத்தியங்களுக்குமான கேனனும் ஜிக்கும்'. ஜிக் என்பது ஒரு துள்ளல் நடன இசை. அது என்ன ஆயிற்று என்பது தனிக் கதை, கீழே வரும்.

பாகெல்பெல்லா, பாச்செல்பெல்லா?

'ச்' கிடையாது. நடுவில் வரும் ஒலி தொண்டையில் உரசும் 'க'. 'அஃது' என்று அழுத்திச் சொல்லிப் பார்த்தால் ஏறக்குறைய அந்த இடம் பிடிபடும். பாஃகெல்பெல். எழுதுவதற்கு பாகெல்பெல் போதும்.

கேனன் என்றால் என்ன?

பீரங்கியும் இல்லை, கேமராவும் இல்லை. கிரேக்கத்தில் விதி என்று பொருள். இசையில் அந்த விதி இதுதான்: முதல் ஆள் ஒரு மெட்டைத் தொடங்க வேண்டும், குறிப்பிட்ட நேரம் கழித்து இரண்டாவது ஆள் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதே இடைவெளி விட்டு மூன்றாவது ஆளும். யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது.

எல்.கே.ஜி. வகுப்பில் 'ஆர் யூ ஸ்லீப்பிங், பிரதர் ஜான்' பாடும்போது டீச்சர் பிள்ளைகளை இரண்டு வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசை முதல் அடியை முடித்ததும் அடுத்த வரிசையைத் தொடங்கச் சொல்வார் அல்லவா? அதுவும் கேனன்தான். ஆனால் அங்கே மெட்டு நான்கு அடிதான். முடிந்தால் மறுபடி முதலுக்கு வந்துவிடும். பாகெல்பெல் எழுதியது முதலிலிருந்து கடைசிவரை திரும்பி வராமல் ஓடும் மெட்டு.

வாசிக்க எத்தனை பேர் வேண்டும்?

மூன்று வயலின், ஒரு அடிநாத வரி. அந்த வரிக்குப் பாசோ கண்டினுவோ என்று பெயர். அதைப் பெரும்பாலும் இரண்டு பேர் பகிர்ந்துகொள்வார்கள். செல்லோ போன்ற ஒன்று வரியை அப்படியே இழுக்கும். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய கீபோர்டு, சின்ன ஆர்கன், அல்லது தியோர்போ என்ற கழுத்து நீண்ட மீட்டு வாத்தியம் அதே வரியை வாசித்துக்கொண்டே மேலே கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, நிரப்பும். அந்தக் கார்டுகளை ஒவ்வொரு சுரமாக யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். பாகெல்பெல் வாழ்ந்த பரோக் காலத்தில் கீபோர்டு வாசிப்பவர் அடிவரியைப் பார்த்ததும் கை தானாகப் போட வேண்டும். அது அவர் தொழில்.

ஆக மொத்தம் ஐந்து பேர் இருந்தால் தாராளம். நாற்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் பதிவுகள் எல்லாம் பின்னால் வந்த ஏற்பாடு.

அந்த எட்டுச் சுரங்கள் எவை?

ஸ ப த க ம ஸ ம ப.

இதை மனப்பாடம் செய்வதைவிடப் படிக்கட்டாக நினைத்துக்கொள்வது சுலபம். மேல் ஸ-வில் நில்லுங்கள். மூன்று படி இறங்குங்கள்: ப. ஒரு படி ஏறுங்கள்: த. மூன்று இறங்கு: க. ஒன்று ஏறு: ம. மூன்று இறங்கு: கீழ் ஸ. இப்போது அடித்தளத்துக்கு வந்துவிட்டோம். இனி திரும்பி ஏற வேண்டும்: மூன்று படி ஏறினால் ம, ஒரு படி ஏறினால் ப, இன்னும் மூன்று ஏறினால் புறப்பட்ட இடம், மேல் ஸ. சுற்று முடிந்தது, அடுத்த சுற்று தொடங்கிவிட்டது.

இந்த இறங்கி ஏறும் சுற்று 28 தடவை வரும். 28 சுற்றிலும் ஒரு சுரம்கூட மாறாது. கடைசியில் ஒரு ஸ-வில் எல்லோரும் சேர்ந்து நின்றுவிடுவார்கள். தாளக் கட்டத்தை மேற்கத்திய இசையில் பார் என்பார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பார், கடைசி ஸ-வுக்கு ஒரு பார், ஆக 57 பார்.

மேலே வயலின்கள் என்ன செய்கின்றன?

முதல் சுற்றில் ஒன்றுமே செய்வதில்லை. அடிவரி மட்டும் நடக்கும். இரண்டாம் சுற்றில் முதல் வயலின் உள்ளே வரும். ஒரு சுரத்துக்கு ஒரு சுரம் என்று மேலிருந்து நிதானமாக இறங்கும்:

க ரி ஸ நி த ப த நி

மூன்றாம் சுற்றில் இரண்டாவது வயலின் வந்து அதே க ரி ஸ நி-யைத் தொடங்கும். அப்போது முதல் வயலின் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்:

ஸ நி த ப ம க ம ரி

இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதிப் பாருங்கள். க-வுக்குக் கீழே ஸ, ரி-க்குக் கீழே நி, ஸ-வுக்குக் கீழே த. கடைசிச் சுரம் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒரே அளவு இடைவெளியில் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்கிறார். அதே நேரத்தில் முதலாமவர் சொல்லும் புதிய பேச்சு அதற்கு ஜோடியாக அமைந்துவிடுகிறது. எனக்கு இந்தப் பீஸில் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தொடங்கிச் சில நொடிகளிலேயே வந்துவிடும், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள்.

நான்காம் சுற்றில் மூன்றாவது வயலினும் வந்துவிடும். முதல் வயலின் அதற்குள் இரட்டிப்பு வேகத்துக்கு மாறியிருக்கும். அப்புறம் இன்னொரு இரட்டிப்பு. நடுவில் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் துள்ளல் வரும்: ப கம ப கம ப, பிறகு கீழே குதித்து ப த நி ஸ ரி க ம என்று ஒரே ஏற்றம். அதை முதல் வயலின் வாசித்து முடித்ததும் இரண்டாவது பிடிக்கும், அடுத்து மூன்றாவது. மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தால் துள்ளல் இடமிருந்து வலமாக நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் இதை நேரில் கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஹெட்போனில் மூன்றும் ஒரே வயலின் மாதிரிக் குழைந்துவிடும்.

ஒருவர் வாசித்ததையே மற்றவர்களும் வாசிக்கிறார்கள். எழுதுவதில் என்ன பெரிய கஷ்டம்?

ஒரு மெட்டை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அதன் ஒவ்வொரு வாக்கியமும் கீழே நடக்கும் எட்டுச் சுரத்தோடு பொருந்த வேண்டும். சரி, அது முடியும். ஆனால் முதல் வயலின் ஐந்தாவது வாக்கியத்தை வாசிக்கும்போது இரண்டாவது வயலின் நான்காவதில் இருக்கும், மூன்றாவது வயலின் மூன்றாவதில். எனவே ஐந்து, நான்கு, மூன்று ஆகிய மூன்று வாக்கியங்களும் ஒன்றாக ஒலித்தால் இனிக்க வேண்டும். அடுத்து ஆறு, ஐந்து, நான்கு. அடுத்து ஏழு, ஆறு, ஐந்து. ஒரு வாக்கியத்தில் ஒரு சுரத்தை மாற்றினால் முன்னும் பின்னுமாக நான்கு வாக்கியங்களோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றும் ஒரே உயரத்தில் ஒலிப்பவை, ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும் என்பது இன்னொரு தலைவலி. ஒருவர் ஓடும்போது மற்றவர் நிற்க வேண்டும், ஒருவர் மேலே இருந்தால் மற்றவர் கீழே. பாகெல்பெல் அதைச் செய்திருக்கும் விதத்தைப் பார்த்தால், கணக்குப் போட்ட தடமே தெரியாது.

சுற்றுக்குச் சுற்று விதி பிசகாமல் போகிறவர், முடிவில் மட்டும் விட்டுக்கொடுக்கிறார். முதல் வயலினின் கடைசி வாக்கியத்தை மற்ற இரண்டும் வாசிப்பதே இல்லை. வாசிக்க விட்டால் முதல் வயலின் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், கூட்டம் ஒவ்வொருவராகக் கலைவதுபோல் ஆகிவிடும். எல்லோரும் ஒரே ஸ-வில் நிற்க வேண்டும் என்றால் பின்னால் வந்தவர்கள் நடுவழியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஒரு பதிவு 7 நிமிடம் ஓடுகிறது, இன்னொன்று 4 நிமிடத்துக்குள் முடிகிறது. எது சரி?

எனக்கு இதில் நடுநிலை கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

மெதுவான அந்தப் பதிவு பிரெஞ்சு நடத்துநர் ழான்-ஃபிரான்சுவா பையார் தன் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு (சிறிய வாத்தியக் குழு) 1968இல் செய்தது. அவர் வேகத்தை நன்றாகக் குறைத்தார், வில்லால் இழுக்கும் வரிகளுக்கு நடுவே விரலால் மீட்டும் வரிகளைச் சேர்த்தார், பாகெல்பெல் எழுதாத புதிய பகுதிகளையும் சேர்த்தார். 1970இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வானொலி நிலையம் அதை ஒலிபரப்ப, நேயர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். 1980இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி ஆஸ்கர் வாங்கிய 'ஆர்டினரி பீப்பிள்' படத்தில் இந்த இசை வந்தது. அதோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்று இது நம் காதில் விழுவதற்கே பையார்தான் காரணம். அந்த நன்றியை மறுக்க முடியாது. பதிவும் அழகானதுதான், மழை நாளில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 நிமிட வாசிப்பில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 15 நொடி. 4 நிமிட வாசிப்பில் எட்டு நொடி சொச்சம். கேனனின் சுவையே இப்போது கேட்டதை இன்னொருவர் கையில் அடையாளம் கண்டுகொள்வதில் இருக்கிறது. எட்டு நொடிக்கு முன் கேட்டது காதில் இன்னும் சூடாக இருக்கும். 15 நொடிக்கு முன் கேட்டது ஆறிப்போயிருக்கும். புதிதாக ஏதோ வருகிறது என்றுதான் தோன்றும். துரத்திப் பிடிக்கும் விளையாட்டு, சோகமான பின்னணி இசையாகிவிடுகிறது. மெதுவான பதிவில் இதை வருடக்கணக்காகக் கேட்டவர்கள், 'மூன்று பேரும் ஒரே மெட்டையா வாசிக்கிறார்கள்?' என்று என்னிடம் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

பரோக் கால வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்களைத் தேடுங்கள். ரைன்ஹார்ட் கோபல் நடத்திய மியூசிகா ஆன்டிகுவா கோல்ன் குழுவின் பதிவு பறக்கும். முதலில் கேட்கும்போது திடுக்கிடும். சான்பிரான்சிஸ்கோவின் வாய்ஸஸ் ஆஃப் மியூசிக் குழுவின் காணொளி இன்னும் நிதானமானது, மூன்று வயலின்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

பாகெல்பெல் யார்? இது ஒன்றுதான் எழுதினாரா?

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருந்தால் நொந்துபோயிருப்பார். அவர் காலத்தில் அவருக்குப் பெயர் ஆர்கனிஸ்டாக. நியூரம்பெர்கில் பிறந்தவர்; 1653 செப்டம்பர் 1 ஞானஸ்நானம். 1669இல் ஆல்ட்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு வருடம் முடிவதற்குள் பணமில்லாமல் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு வியன்னாவில் புனித ஸ்டீபன் பேராலயத்தில் துணை ஆர்கனிஸ்ட், 1677இல் ஐசெனாக் அரசவை, 1678 முதல் 12 வருடம் எர்ஃபுர்ட் நகரின் பிரடிகர் தேவாலயம்.

எர்ஃபுர்ட் வேலையின் ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் புனித யோவான் திருநாளில் அரை மணி நேரம் ஆர்கன் வாசித்து, போன வருடத்தைவிடத் தேறியிருப்பதைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்து அப்ரைசல்.

அந்த ஊரில்தான் அடியும் விழுந்தது. 1681இல் திருமணம்; 1683இல் வந்த கொள்ளைநோயில் மனைவியும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அதே வருடம் 'மரணத்தைப் பற்றிய இசைச் சிந்தனைகள்' என்ற பொருளில் தலைப்பிட்ட கீபோர்டு தொகுப்பை வெளியிட்டார். அடுத்த வருடம் மறுமணம். 1690இல் ஸ்டுட்கார்ட் போனார், பிரெஞ்சுப் படை வந்ததால் அங்கிருந்து தப்பி கோத்தாவுக்கு. 1695இல் சொந்த ஊர் நியூரம்பெர்க் அழைத்துக்கொண்டது. புனித செபால்டு தேவாலயத்தில் 1706இல் சாகும்வரை வேலை பார்த்தார்.

எழுதியவற்றில் பெரும் பங்கு ஆர்கனுக்கும் தேவாலயப் பாடகர்களுக்கும் ஆனது. 1699இல் அச்சான 'ஹெக்ஸாகோர்டும் அப்பொல்லினிஸ்' தொகுப்பில் ஆறு மெட்டுகளும், அவற்றையே மாற்றி மாற்றி வாசிக்கும் வேறுபாடுகளும் இருக்கின்றன; அதைத்தான் அவரே பெரிதாக நினைத்திருக்க வேண்டும். சேம்பர் இசை, அதாவது சிறு குழுவுக்கான இசை என்று பார்த்தால் 'மியூசிகாலிஷே எர்கெட்சுங்' என்ற ஆறு சூட்டுகள் (நடன இசைத் தொகுப்புகள்). அதில் இரண்டு வயலின்களின் தந்திகளையும் வழக்கமான சுருதியில் வைக்காமல் மாற்றிச் சேர்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கேனன் பிடித்தவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் அதுதான்.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல. மகள் அமாலியா ஓவியர், செதுக்கோவியக் கலைஞர். மகன் சார்ல்ஸ் தியோடர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறி, 1736இல் நியூயார்க்கில் கச்சேரி செய்தார். சார்ல்ஸ்டனில் ஆர்கனிஸ்டாக வாழ்ந்து 1750இல் இறந்தார்.

பாஹ் வீட்டுக் கல்யாணத்துக்காக எழுதியது என்கிறார்களே?

அது ஊகம். ஊகத்துக்கு அடிப்படை மட்டும் உண்மை. ஐசெனாக்கில் இருந்த அம்ப்ரோசியஸ் பாஹ், பாகெல்பெலின் நண்பர். அவர் மகள் ஒருத்திக்குப் பாகெல்பெல் ஞானத்தந்தை. மூத்த மகன் யோஹான் கிறிஸ்டோஃப் எர்ஃபுர்ட்டில் பாகெல்பெலிடமே பாடம் படித்தவர். அந்த மாணவருக்கு 1694 அக்டோபர் 23இல் ஓர்ட்ரூஃபில் கல்யாணம். குரு போயிருந்தார், அங்கே இசையும் நடந்தது. அன்றைக்கு வாசித்தது இதுவாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் முன்வைத்தார். கையில் காகிதச் சான்று கிடையாது. இந்தப் பீஸ் எந்த வருடம் எழுதப்பட்டது என்பதே எங்கும் பதிவாகவில்லை.

அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு ஒன்பது வயதில் தம்பி ஒருவன் இருந்தான். மறு வருடம் தகப்பனாரும் இறந்துபோக, இந்த அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தான். பெயர் யோஹான் செபாஸ்டியன் பாஹ், பின்னாளில் மேற்கத்திய இசையின் மாமேதை. ஆக, பாகெல்பெலின் மாணவரிடம் பாடம் படித்தவர் பாஹ். அதுவே எனக்குப் போதும்.

இத்தனை பிரபலமானது 1960-களுக்கு முன் எங்கே இருந்தது?

பெட்டிக்குள். பாகெல்பெல் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. நம்மிடம் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் யாரோ பார்த்து எழுதிய பிரதி. பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. 1919இல் குஸ்டாவ் பெக்மன் பாகெல்பெலின் சேம்பர் இசையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை அச்சேற்றினார். 1929இல் மாக்ஸ் சைஃபர்ட் தன் சொந்த வாசிப்புக் குறிப்புகளோடு ஒரு பதிப்பு போட்டார். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நேரத்தில் ஒன்றிரண்டு இசைத்தட்டுகளும் வந்திருந்தன. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பையார் வரும்வரை.

திருமணத்தில் வாசிக்க ஏற்றதுதானா?

ஏற்றது என்பதற்கு உணர்ச்சிபூர்வமான காரணம் தேட வேண்டாம், நடைமுறைக் காரணமே இருக்கிறது. தேவாலயத்தில் பெண் வாசலிலிருந்து பீடம்வரை நடக்க நாற்பது நொடி ஆகலாம், இரண்டு நிமிடமும் ஆகலாம். தோழிப் பெண் கவுனை மிதித்துவிடுவாள், போட்டோகிராபர் 'இன்னொரு தடவை' என்பார். வேறு இசையாக இருந்தால் நடுவாக்கியத்தில் வெட்ட வேண்டும். இதில் எட்டு நொடிக்கு ஒரு தடவை அடிவரி ஸ-வுக்குத் திரும்பிவிடுகிறது. எந்தச் சுற்றின் முடிவிலும், அடுத்த ஸ-வில் எல்லோரும் நின்றால் முடிந்த மாதிரியே இருக்கும். எங்கள் குழுவில் முதல் வயலின் தலையை அசைத்தால் அடுத்த ஸ-வில் நிறுத்தம் என்று ஏற்பாடு. பெண் வரத் தாமதமானால் இன்னும் நான்கு சுற்று.

ஆனால் நாற்பது நொடி என்பது ஐந்து சுற்றுதான். அந்தத் துள்ளலுக்குப் போகவே முடியாது. அது வேண்டும் என்றால் விருந்தினர் உட்காரும் நேரத்தில் முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

நிறையப் பாப் பாட்டுகள் இதைக் 'காப்பி' அடித்தவையா?

சில வெளிப்படையாக எடுத்தவை. வாஞ்ஜெலிஸ் இருந்த கிரேக்கக் குழு அஃப்ரொடைட்ஸ் சைல்டு, 1968இல் 'ரெயின் அண்ட் டியர்ஸ்' பாட்டை இதன் மேல் கட்டியது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1975இல் இதையே துண்டு துண்டாகக் கலைத்து, வாசிப்பவர்களை வெவ்வேறு வேகத்தில் நகரவிட்டு, மூன்று வேறுபாடுகள் செய்தார். மற்றவை பெரும்பாலும் கார்டு வரிசையின் ஒற்றுமை: டி, ஏ, பி மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி, டி, ஜி, ஏ. கிட்டார் பிடிக்கத் தெரிந்த யார் கையிலும் இது தானாக விழும். இதற்கு நெருங்கிய உறவான அடிவரிகள் பாகெல்பெல் பிறப்பதற்கு முன்பே புழங்கியவை. கார்டு வரிசை அவர் சொத்து அல்ல. அதன் மேல் மூன்று வயலின்களை விதி தவறாமல் ஓடவிட்டதுதான் அவருடையது.

ஜிக் என்ன ஆயிற்று?

பாவப்பட்ட ஜென்மம். கேனனின் ஜோடியாக எழுதப்பட்ட துள்ளல் நடனம். 12/8 தாளம், மொத்தம் 20 பார், பத்துப் பத்தாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் திருப்பி வாசிக்க வேண்டும். இதிலும் வயலின்கள் ஒன்றையொன்று பின்பற்றும், ஆனால் கண்டிப்பான கேனன் அல்ல. செல்லோவுக்கும் இங்கே விடுதலை உண்டு. அந்த எட்டுச் சுரம் கிடையாது, வயலின்களோடு சேர்ந்து ஓடலாம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கேனன் முடிந்ததும் கைதட்டல் எழுந்துவிடுவதால் பல கச்சேரிகளில் இது வாசிக்கப்படாமலே போகும்.

எத்தனை கட்டை?

டி என்பது இரண்டு கட்டை. ஆனால் பரோக் வாத்தியக் குழுக்கள் இன்று பெரும்பாலும் ஏ என்ற சுரத்தை 440க்குப் பதில் 415 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். அரைச் சுரம் இறங்கிவிடும். அப்படிப்பட்ட பதிவோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க நினைத்தால் ஒன்றரைக் கட்டைக்கு வாருங்கள். 'பதிவில் சுருதி தப்பு' என்று எனக்கு வந்த கேள்விகள் எல்லாம் இதனால்தான். நரம்புத் தந்தி, தளர்ந்த இழுவிசை, வெளிப்புறமாக வளைந்த பழைய வில். ஒலியும் சற்றுக் கரகரப்பாக, பேச்சுக் குரல் மாதிரி இருக்கும்.

கீபோர்டில் வாசிக்கலாமா?

தாராளமாக. இடது கையில் எட்டுச் சுரம், வலது கையில் மெட்டு என்று ஆயிரம் எளிய பதிப்புகள் இருக்கின்றன. இரண்டு கையில் மூன்று குரலைத் தனித்தனியாகக் காட்டுவது சிரமம் என்பதால் அது கேனனாக இருக்காது, மெட்டாக இருக்கும். மூன்று பேர் சேர்ந்தால் வேறு வழி உண்டு: ஒருவர் அடிவரி, மற்ற இருவர் மேலே எழுதியிருக்கும் முதல் இரண்டு வாக்கியங்களை எட்டு எண்ணிக்கை இடைவெளியில் வாசியுங்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடும். புல்லாங்குழல், கர்நாடக வயலின் எதுவானாலும் சரி.

காப்புரிமைப் பிரச்சினை வருமா?

பாகெல்பெலின் இசைக்கு வராது. ஒரு குறிப்பிட்ட பதிவுக்கும், இன்றைய ஒருவர் செய்த ஏற்பாட்டுக்கும் வரும். காணொளிக்குப் பின்னணியாகப் போட வேண்டும் என்றால் நீங்களே வாசித்துப் பதிவு செய்துகொள்வது உத்தமம்.

செல்லோ வாசிப்பவருக்குப் போரடிக்காதா?

எட்டுச் சுரம், 28 சுற்று, 224 சுரம், கடைசியாக ஒரு ஸ. செல்லோக்காரர்கள் இதைப் பற்றிப் புலம்புவது ஊரறிந்த நகைச்சுவை. நானும் ஆரம்பத்தில் புலம்பியவன்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது, எட்டுச் சுரத்தையும் ஒரே மாதிரி இழுத்தால் மேலே இருப்பவர்கள் கல் மாதிரிக் கனத்துவிடுவார்கள். அவர்கள் ஓடும்போது நான் சுரத்தைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும், காற்று போக. அவர்கள் நீட்டும்போது நானும் நீட்ட வேண்டும். கடைசி ம, ப இரண்டும் மேல் ஸ-வை நோக்கிச் சாய வேண்டும். சுரம் மாறாததால் கவனம் முழுக்க வில்லுக்குப் போய்விடும்.

பெரிய சிக்கல் எண்ணிக்கை. பேப்பரைப் பார்த்தால் எல்லா வரியும் ஒன்றுபோலவே இருக்கும், எங்கே இருக்கிறோம் என்று கண் சொல்லாது. ஒருமுறை ஒரு வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, யாரோ கொண்டுவந்து வைத்த பாதாம்பாலைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். இருபத்தைந்தா, இருபத்தாறா தெரியவில்லை. சரி, வயலின்கள் நின்றால் நின்றுகொள்ளலாம் என்று போய்க்கொண்டிருந்தேன். மூன்று பேரும் அழகாக ஸ-வில் வந்து நின்றார்கள். நான் ஸ-வைத் தாண்டி, பழக்க தோஷத்தில், ஊரே கேட்க ப-வுக்கு இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து பென்சிலால் ஒவ்வொரு சுற்றின் மேலேயும் எண் போட்டு வைத்திருக்கிறேன். 28க்குக் கீழே இரண்டு கோடு.